வாஷிங் மெஷின் அடியில் தண்ணீர்: டப்பை மாற்றுவதற்கு முன்னால்

கேள்வி இது: ஆறு வருஷமாக ஓடும் ஏழு கிலோ ஃப்ரண்ட் லோட் மெஷின். ஒரு மாதமாக அடியில் தண்ணீர் தேங்குகிறது. தினமும் இல்லை, வாரத்துக்கு இரண்டு தடவை. பெட்ஷீட் போடுகிற நாளில் கட்டாயம் வருகிறது. புதிதாகச் சத்தம் ஒன்றும் இல்லை. வந்து பார்த்த மெக்கானிக் பத்து நிமிஷத்தில் "டப் போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லி, பாதி மெஷின் விலைக்கு ஒரு தொகையையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாற்றிவிடலாமா, அல்லது நாமே ஏதாவது பார்க்க முடியுமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. டப் என்பது ட்ரம்முக்கு வெளியே தண்ணீரைத் தாங்குகிற பிளாஸ்டிக் தொட்டி. அது விரிசல் விட்டாலோ, அதன் பின்னால் இருக்கிற சீல் போனாலோ, உள்ளே இருப்பது பெட்ஷீட்டா கைக்குட்டையா என்று பார்த்து ஒழுகாது. எல்லாத் துவையலுக்கும் ஒழுகும், போகப் போக அதிகமாகும். சீல் போயிருந்தால் கொஞ்ச நாளில் பேரிங்கும் சேர்ந்து கத்தும். நாள் பார்த்து ஒழுகுகிற மெஷினில் நான் முதலில் சந்தேகப்படுவது மூன்றைத்தான்: கதவு ரப்பர், சோப்புத் தூள், தண்ணீர் வெளியேறும் வழி.

கோவையில் இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை பார்த்தவன் நான். கடையை மகனிடம் கொடுத்தாயிற்று, வாய்தான் ஓயவில்லை. அந்த மெக்கானிக்கைக் குறை சொல்லவும் வரவில்லை. ஒரு நாளைக்கு எட்டு வீடு ஏறி இறங்குகிறவருக்கு ஒரு மெஷின் முன்னால் ஒன்றரை மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார முடியாது. ஒழுகலைக் கண்டுபிடிக்கத் தேவை அந்த ஒன்றரை மணி நேரம்தான். அது வீட்டுக்காரரால் மட்டும்தான் முடியும்.

தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தைப் பார்த்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள். மெஷினின் அடித்தகடு ஓரமெல்லாம் மடிந்திருக்கும். பின்னால் சொட்டிய தண்ணீர் அந்த மடிப்பிலேயே ஓடிவந்து முன்கால் பக்கம் இறங்கும். தரையின் வாட்டம் வேறு அதை இழுத்துக்கொண்டு போகும். அதனால் எந்த நேரத்தில் வருகிறது என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

வழக்கமாக ஒழுகுகிற நாளில் போடும் அதே பெட்ஷீட்டுகளைப் போட்டே சோதியுங்கள். மெஷினை ஒரு அடி முன்னால் இழுங்கள். உள்ளே கான்கிரீட் எடைக்கட்டி இருப்பதால் அறுபது, எழுபது கிலோ வரும். தனியாக இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். தரையை ஒட்டத் துடைத்துவிட்டு, பழைய தினத்தாளை மடித்து அடியில் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு ஓரம் என்று தள்ளிவையுங்கள். மேலிருந்து சொட்டிய தண்ணீர் தாளில் வட்டம் வட்டமாக விழுந்திருக்கும். வேறெங்கிருந்தோ ஓடிவந்த தண்ணீர் தாளின் ஓரத்திலிருந்து உள்ளே ஊறியிருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்புறம் டார்ச்சும் ஒரு பேனாவும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தண்ணீர் ஏறும்போதா, ட்ரம் சுற்றும்போதா, தண்ணீர் வெளியேறும்போதா, ஸ்பின் ஓடும்போதா? தாள் முதலில் எப்போது நனைகிறது என்று எழுதிவையுங்கள்.

ஓடுகிற மெஷினுக்கு அடியில் கையை விடாதீர்கள். எதையாவது கழற்றுவதாக இருந்தால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைப் பிடுங்கி, குழாயையும் மூட வேண்டும். மெஷினைத் தொடும்போது சுர்ரென்று ஷாக் அடித்தால் சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது எர்த் சம்பந்தப்பட்ட விஷயம். எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைப் பார்த்து, வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானாக லைனை அணைக்கிற சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் போட்ட பிறகு மறுபடி மெஷினுக்கு வரலாம். ஒழுகுகிற மெஷினும் ஈரத் தரையும் வெறுங்காலும் ஒன்றாகச் சேரக் கூடாது.

எங்கள் ஊரில் நிறைய வீடுகளில் இரண்டு லைன் இருக்கும், குடிக்கச் சிறுவாணி ஒன்று, புழங்க போர் ஒன்று. சிறுவாணித் தண்ணீரில் துணி துவைக்க யாருக்கு மனசு வரும்? மெஷினுக்குப் போவது போர் தண்ணீர்தான். துணிக்கு அது கெடுதல், ஆனால் ஒழுகல் தேடுகிறவனுக்கு அதைவிட நல்ல துப்பு கிடையாது. உப்புத் தண்ணீர் கசிந்து காய்ந்த வழியெல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போய் இருக்கும். பின்தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தால் விபூதி இழுத்த மாதிரி ஒரு கோடு தெரியும். அதைக் கீழிருந்து மேலே பிடித்துக்கொண்டே போங்கள். எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அது மெஷினுக்குள் வருகிற தண்ணீர்: குழாய், ஹோஸ், தண்ணீரை உள்ளே விடுகிற இன்லெட் வால்வு. சோப்பு வாசனையோடு வழவழவென்று கெட்டியாக ஒட்டியிருந்தால் டப்புக்குள் போய்வந்த தண்ணீர். காவி நிறத்தில், விரலில் பிசுபிசுத்தால் பேரிங் பக்கம்.

இனி ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம்.

மெஷின் ஓடாதபோதே தாள் நனைந்திருந்தால் குழாயடிக்குப் போங்கள். மெஷினோடு ஒரு பிளாஸ்டிக் அடாப்டர் கொடுப்பார்களே, சாதாரணக் குழாயின் வாயில் மாட்டி நாலு பக்கமும் ஸ்க்ரூ முடுக்குவது, அதைப் போல எனக்குச் சோறு போட்டது வேறொன்றும் கிடையாது. நாலு ஸ்க்ரூவும் ஒரே அளவில் ஏறாது. உள்ளே இருக்கிற ரப்பர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முதலில் முத்து மாதிரி ஒரு துளி நிற்கும், மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பிய அன்றைக்குச் சொட்ட ஆரம்பிக்கும். அதைத் திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிருக்காமல், முக்கால் இஞ்ச் மரை வைத்த வாஷிங் மெஷின் டேப் ஒன்றைப் பிளம்பரிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். ஹோஸ் நட்டு நேராக அதில் ஏறும், அடாப்டரே வேண்டாம்.

ஹோஸ் நட்டுக்குள் ஒரு ரப்பர் வாசர் இருக்கும். தண்ணீரை நிறுத்துவது அதுதான், மரை இல்லை. மரையில் டெஃப்லான் டேப்பை முழம் முழமாகச் சுற்றுவது வீண். வாசர் கல் மாதிரி ஆகியிருந்தால் மாற்றுங்கள், பத்து இருபது ரூபாய் சமாசாரம். கையால் இறுக்கிவிட்டு, பிளேயரால் கால் சுற்று. அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் நட்டு கீறிவிடும், அல்லது வால்வின் மரை உடையும். ஹோஸில் எங்காவது வயிறு தள்ளியிருந்தால் ஒட்டுப்போட நினைக்காமல் புதிது வாங்குங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது வெடித்தால் மாடித் தொட்டி முழுக்க வீட்டுக்குள்தான். துவைத்து முடித்ததும் குழாயை மூடுகிற பழக்கம் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

இன்னொரு விசித்திரமான ஒழுகல் உண்டு. மெஷின் அணைந்திருக்கிறது, காலையில் கதவைத் திறந்தால் ட்ரம்முக்குள் தண்ணீர் நிற்கிறது. இன்லெட் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குழாயை மட்டும் திறந்துவைத்துச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பாதி நேரம் மண்ணோ துருவோ மாட்டியிருக்கும். வால்வின் வாயில் இருக்கிற சின்ன வலையைப் பிளேயரால் மெதுவாக இழுத்துக் கழுவிப் போடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் புது வால்வுதான்.

புது வால்வு போட்டும் நிற்கவில்லை என்றால் மொட்டை மாடியைப் பாருங்கள். இந்த வால்வுக்குள் ஒரு ரப்பர்த் தட்டு இருக்கிறது. அதை அழுத்தி மூடுவது பெரும்பாலும் தண்ணீரின் அழுத்தமே. பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அளவு) வரை வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைப்பது சுமார் 0.1 பார். கடைசி மாடி வீட்டில், தொட்டி தலைக்கு மேலேயே இரண்டு மீட்டரில் இருந்தால் 0.2 தான். வால்வு அரைகுறையாக மூடிக்கொண்டு உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். வால்வை எத்தனை தடவை மாற்றினாலும் அதே கதைதான். தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது சின்ன பிரஷர் பம்ப் வைக்க வேண்டும்.

தண்ணீர் ஏறும்போது மட்டும் முன்பக்கம் நனைந்தால் தூள் போடுகிற ட்ரேயை வெளியே இழுத்துப் பாருங்கள். தூள் கெட்டியாகி அடைத்திருக்கும். வெந்நீரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் முடிந்தது. ட்ரே போகும் பொந்தின் மேல்பக்கத் துளைகளையும் மறக்காமல் தேயுங்கள்.

ட்ரம் சுற்றும்போது வந்தால்தான் உங்கள் கதை. இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். ஃப்ரண்ட் லோடில் தண்ணீர் கதவு வரைக்கும் நிற்பதில்லை, அதற்குக் கீழேயே நின்றுவிடும். கதவு ரப்பரில் படுவது தெறிக்கிற தண்ணீரும், துணியிலிருந்து வழிவதும், நுரையும்தான். அதனால்தான் சின்னக் கிழிசல் இருந்தாலும் சில நாள் ஒழுகும், சில நாள் ஒழுகாது.

முதலில் நுரை. பெட்ஷீட் என்றால் அழுக்கு அதிகம் என்று வீட்டில் எல்லாருமே இன்னொரு மூடித் தூள் சேர்த்துப் போடுவார்கள். வாளியில் ஊறவைக்கிற தூளைப் போடுகிறவர்களும் உண்டு. ஃப்ரண்ட் லோடில் தண்ணீர் குறைவு, துணி மேலேறிக் கீழே விழுந்துகொண்டே இருக்கும், மோர் கடைகிற மாதிரி நுரை பொங்கும். பொங்கிய நுரைக்குப் போக இடம் வேண்டுமே. தூள் ட்ரே வழியாக, கதவிடுக்கு வழியாக, டப்பின் காற்றுக் குழாய் வழியாக வெளியே வந்து தரையில் தண்ணீராக நிற்கும். சோதிப்பதற்குச் செலவே இல்லை. அடுத்த இரண்டு தடவை அதே பெட்ஷீட்டுகளைத் தூளே போடாமல் ஓட்டுங்கள். முதல் தடவை பழைய சோப்புக்கே நுரை வரும், ஆச்சரியப்படாதீர்கள். இரண்டாவது தடவை தாள் காய்ந்தே இருந்தால் நீங்கள் மாற்ற வேண்டியது தூளின் அளவை மட்டும்.

அடுத்தது கதவு ரப்பர். கதவைத் திறந்து, கடிகாரத்தில் ஆறு இருக்கும் இடத்தில் ரப்பர் மடிப்பை இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பாருங்கள். கருப்பாக ஒரு சகதி இருக்கும். அதற்குள்ளிருந்து ஹேர்பின், ஊக்கு, பிளவுஸ் ஹூக், ஒரு ரூபாய்க் காசு, குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ் எல்லாம் வரும். மடிப்பின் அடியில் இரண்டு மூன்று சின்னத் துளைகள் இருக்கும். மடிப்பில் தேங்குகிற தண்ணீர் அந்த வழியாகத்தான் மறுபடி டப்புக்குள் போக வேண்டும். பெட்ஷீட் பஞ்சு அதை அடைத்தால் தண்ணீர் மடிப்பிலேயே நிறைந்து, கதவைத் திறந்ததும் முன்பக்கம் வழியும். குச்சி ஒன்றால் குத்திவிட்டு ஈரத் துணியால் துடையுங்கள்.

பிறகு கதவுக் கண்ணாடி. ரப்பர் உதடு பதிகிற இடத்தில் வெள்ளை வளையம் ஒன்று படிந்திருந்தால் அது உப்பு. விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்புக்கு அடியில் தண்ணீர் நுழைந்துகொள்ளும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். கொஞ்சத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்து ஐந்து நிமிஷம் ஒத்திவைத்துத் தேய்த்தால் போய்விடும். பிளேடால் சுரண்ட வேண்டாம்.

பெட்ஷீட்டுக்கே உரிய தொல்லை இன்னொன்று. கடைசியாகத் திணிக்கிற பெட்ஷீட்டின் ஓரம் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு விரல் அளவு மாட்டிக்கொள்ளும். கதவு மூடியதாகவே இருக்கும், மெஷினும் ஓடும். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அந்த ஓரம் ஒன்றரை மணி நேரமும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். துவைத்து முடிந்து கதவைத் திறந்ததும் ஓரம் உள்ளே விழுந்துவிடுவதால் யார் கண்ணிலும் படாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷ அனுபவம் தேவைப்பட்டது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ட்ரம் மேல்பக்கம் ஒரு சாண் இடம் விட்டுத் துணி போடுங்கள். கதவை மூடுமுன் ரப்பர் ஓரம் முழுக்க விரலை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் கிழிசல். ரப்பரை மடிப்பு மடிப்பாக இழுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஊக்கு குத்திய துளை, ஹூக் கீறிய கோடு, கையில் பட்டால் பிசுபிசுக்கிற நைந்த இடம், இவை பெரும்பாலும் கீழ்ப்பாதியில்தான் இருக்கும். கிழிந்திருந்தால் புது ரப்பர்தான். மெஷின் ஸ்டிக்கரில் இருக்கிற மாடல் எண்ணை முழுவதுமாகக் கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள், கண்ணளவில் வாங்கினால் பொருந்தாது. வெளி வளையம் ஒரு ஸ்பிரிங் கம்பி. அதன் சின்ன ஸ்பிரிங்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கையோடு வந்துவிடும். உள்ளே டப்பைப் பிடித்திருக்கிற வளையம்தான் பாடுபடுத்தும். பல மாடல்களில் முன்தகட்டையே கழற்ற வேண்டியிருக்கும். கழற்றுவதற்கு முன் போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரின் தலையில் ஒரு முக்கோணக் குறி இருக்கும், அதை டப்பின் உச்சியில் இருக்கிற குறியோடு சேருங்கள். அப்போதுதான் வடிகால் துளைகள் சரியாக அடியில் வரும். ஏற மறுத்தால் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் இரண்டு சொட்டு தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊறவைத்துவிடும். முதல் தடவை செய்கிறவருக்கு அரை நாள் போகும். பொறுமை இல்லையென்றால் இந்த ஒரு வேலைக்கு ஆளைக் கூப்பிடுவதில் தப்பில்லை. ரப்பர் மாற்றுகிற கூலியும் டப் மாற்றுகிற செலவும் மலைக்கும் மடுவுக்கும்.

தண்ணீர் வெளியேறும் நேரத்தில் நனைந்தால் கீழே இருக்கிற பம்ப் ஃபில்டர். "சுத்தம் பண்ணினேன், மறுநாளிலிருந்து ஒழுகுது" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதன்மேல் ஒரே ஒரு தலைமுடி படுத்திருந்தால் போதும், சொட்டிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் மரை மாறி ஏறியிருக்கும். கழற்றுவதற்கு முன் தட்டையான பாத்திரம் ஒன்றைக் கீழே வைத்து, பக்கத்தில் சின்ன டியூப் இருந்தால் அதன் வழியாகத் தண்ணீரை வடித்துவிடுங்கள். வெந்நீர்த் துவையல் முடிந்த கையோடு திறக்காதீர்கள், கை வெந்துவிடும். மரையையும் வளையத்தையும் துடைத்து, முதலில் இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி 'டிக்' என்று உட்காருவதை உணர்ந்த பிறகு வலப்பக்கம் முடுக்குங்கள்.

ஃபில்டர் சரியாக இருந்தும் அந்தப் பக்கமே சொட்டினால் பம்ப்பைப் பாருங்கள். டப்பிலிருந்து பம்ப்புக்கு இறங்குகிற தடித்த ரப்பர்க் குழாயையும் பாருங்கள். உள்ளாடைக் கம்பி அதை ஊசி மாதிரி துளைத்துவிடும். பம்ப் மாற்றுவது கஷ்டமில்லை: இரண்டு ஹோஸ், இரண்டு ஒயர், சில ஸ்க்ரூ.

வெளியேற்றும் வழியில் மெஷினுக்குச் சம்பந்தமே இல்லாத ஒழுகலும் உண்டு. சாய்பாபா காலனியில் ஒரு வீட்டில் எனக்கு முன் இரண்டு பேர் மெஷினைத் திறந்து மூடியிருந்தார்கள். நான் போய்த் திறக்கவே இல்லை, பாத்ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வெளியேற ஆரம்பித்ததும் தரைத் தண்ணீர் இறங்குகிற ஓட்டையின் ஜாலி மூடி வழியாகவே தண்ணீர் மேலே வந்து, தரையில் பரவி, மெஷின் அடியில் போய் நின்றுகொண்டது. அரை நிமிஷத்தில் எல்லாம் வடிந்தும் போயிற்று. ஜாலியைத் தூக்கினால் உள்ளே முடியும் பஞ்சும் பூனைக்குட்டி அளவுக்கு. கொஞ்சம் துணி போட்டால் மெதுவாக இறங்கிவிடும், பெட்ஷீட் குடித்த தண்ணீர் ஸ்பின்னில் மொத்தமாக வந்தால் தாங்காது. உங்கள் வீட்டிலும் இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தினத்தாள் ஓரத்திலிருந்து ஊறியிருந்தால் முதலில் ஜாலியைத் தூக்குங்கள்.

டிரெயின் ஹோஸின் நுனி இருக்கிற உயரமும் முக்கியம். ஃப்ரண்ட் லோடில் பம்ப் இருப்பதால் நுனி தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் விற்கிற பல டாப் லோடுகளில் பம்ப் கிடையாது, தண்ணீர் தானாக இறங்க வேண்டும். அதற்கு ஹோஸ் தரையோடு கிடக்க வேண்டும். டாப் லோடைக் கொடுத்துவிட்டு ஃப்ரண்ட் லோடு வாங்கியவர்கள் பழைய பழக்கத்தில் ஹோஸைத் தரையில் போட்டுவிடுவார்கள். ஏறுகிற தண்ணீர் ஏறிக்கொண்டே வெளியேறும், மெஷின் தண்ணீர் வரவில்லை என்று அலாரம் அடிக்கும்.

மற்ற வகைகளை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். டாப் லோடில் தண்ணீர் நிற்காமல் ஹோஸ் வழியே போய்க்கொண்டிருந்தால் டிரெயின் வால்வில் காசோ நூலோ மாட்டியிருக்கும். செமி ஆட்டோமேட்டிக்கிலும் அதே வால்வு ரப்பர்தான். ஸ்பின் பக்கம் ஒழுகினால் ஸ்பின் தண்டைச் சுற்றியிருக்கிற பெல்லோஸ் சீல், அந்தத் தண்ணீர் மோட்டார் மேலேயே விழும் என்பதால் ஓட்டாதீர்கள். அடிப்பக்கம் திறந்திருக்கிற எந்த மெஷினிலும் எலி புகுந்து ஹோஸைக் கடிக்கும். பல் தடம் தெரிந்தால் ஹோஸை மாற்றுவதோடு அடியில் வலையும் அடியுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் ஒயரைக் கடிக்கும்.

எதற்கும் எம்-சீல் அப்பாதீர்கள். ரப்பர் அசைகிற பொருள், எம்-சீல் காய்ந்தால் கல், இரண்டும் சேராது. டப் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், அதில் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது. ஒட்டிய இடம் இரண்டு வாரம் தாங்கும், மூன்றாவது வாரம் பேத்துக்கொண்டு வரும். பிறகு வருகிறவனுக்கு அதைச் சுரண்டுவதே ஒரு நாள் வேலை.

சரி, டப் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னது உண்மையாக இருந்தால் எப்படித் தெரியும்? ட்ரம் என்பது உள்ளே சுற்றுகிற ஸ்டீல். டப் என்பது அதற்கு வெளியே தண்ணீரைத் தாங்குகிற பிளாஸ்டிக். ட்ரம்மின் தண்டு டப்பின் முதுகைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிற இடத்தில் சீலும் பேரிங்கும் இருக்கின்றன. கதவைத் திறந்து ட்ரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். டப்பும் சேர்ந்து ஸ்பிரிங்கில் ஆடினால் பரவாயில்லை. ட்ரம் மட்டும் தனியாக 'லொடக்' என்று ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. காலி ட்ரம்மைக் கையால் சுற்றி, காதை வைத்துக் கேளுங்கள். அம்மி அரைக்கிற மாதிரி கேட்டாலும் அதேதான். பின்தகட்டைக் கழற்றினால் பெல்ட் சக்கரத்தின் நடுவிலிருந்து காவிக் கோடு ஒன்று நேராகக் கீழே இறங்கியிருக்கும். ஸ்பின்னில் அந்தத் தண்ணீர் சுற்றிலும் தெறித்த தடமும் தெரியும்.

இது மூன்றும் இருந்தால் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் ஒரு கேள்வி கேளுங்கள்: டப் ஸ்க்ரூ போட்டதா, ஒட்டி மூடியதா? ஸ்க்ரூ போட்டதென்றால் பேரிங்கும் சீலும் மட்டும் மாற்றலாம், டப் அப்படியே இருக்கும். ஒட்டி மூடிய டப்பை கம்பெனிக்காரர்கள் முழுதாகத்தான் மாற்றுவார்கள். வெளியே சில பட்டறைகளில் அதை அறுத்து, பேரிங் மாற்றி, சிலிக்கான் தடவி ஸ்க்ரூ போட்டு மூடித் தருகிறார்கள். நன்றாகச் செய்தால் ஓடும். ஆனால் அதற்கு வாரண்டி கேட்காதீர்கள். ஆறு வருஷ மெஷினுக்குப் பாதி விலை கொடுப்பதைவிட அந்தப் பணத்தைப் புது மெஷினுக்குப் போடலாம் என்பது என் கருத்து. பேரிங் மட்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

நீங்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் ஜாலியைத் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். ரப்பர் மடிப்பையும் கண்ணாடியையும் துடையுங்கள். பெட்ஷீட்டுகளை ட்ரம்மில் இடம் விட்டுப் போட்டு, தூள் இல்லாமல், தினத்தாள் விரித்து இரண்டு தடவை ஓட்டுங்கள். தாள் காய்ந்திருந்தால் மூன்றாவது தடவை பாதி அளவு தூள் போட்டு ஓட்டுங்கள். அதிலும் காய்ந்திருந்தால் மெஷினைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடம் விட்டுத் தள்ளிவைத்துவிடலாம். இரண்டு தடவையிலேயே ட்ரம் சுற்றும்போது முன்பக்கம் வட்டமாகச் சொட்டியிருந்தால் புது ரப்பர் வாங்குங்கள். ஸ்பின்னில் பின்பக்க நடுவே காவித் துளி விழுந்திருந்தால் அதே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பேசுவதற்கு முன் அந்தத் தாளைக் காட்டுங்கள்.